மழை இரவில் சாலை கடக்கும் சாலமாண்டர்கள்: முதல் முறை உதவப் போகிறவர்களுக்கு

மார்ச் பிறந்து, பனி உருகி, தரை இளகியதும் ஓர் இரவு வெதுவெதுப்பாக மழை பெய்யும். அந்த ஒரு மழைக்காகத்தான் நியூ ஜெர்சியிலிருந்து மேய்ன் வரை அமெரிக்க வடகிழக்குக் காடுகளில் சாலமாண்டர்கள் என்ற, பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும் ஈரத்தோல் பிராணிகள் மண்ணுக்கடியில் காத்திருக்கின்றன. இருட்டியதும் கிளம்பி, தாங்கள் பிறந்த அதே குட்டையை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். இங்கே அதற்கு 'பிக் நைட்' என்று பெயர். காட்டுக்கும் குட்டைக்கும் நடுவே சாலை ஒன்று ஓடினால், பல ஆண்டுகள் உயிர் பிழைத்து வந்த பிராணி ஒரு நொடியில் டயருக்கடியில் போய்விடுகிறது.

நியூ ஜெர்சியில் எடிசன், ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் நம் தமிழ் ஆட்கள் எவ்வளவு பேர் இருக்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. அதே ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் பீக்மன் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, சாலமாண்டர்கள் கடக்கும் மழை இரவுகளில் நகராட்சியே அந்தச் சாலையை வண்டிகளுக்கு மூடிவிடுகிறது. பக்கத்திலேயே குடியிருந்தும் இதைக் கேள்விப்படாதவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாராவது இந்த வசந்தத்தில் முதல் முறையாக வெளியே இறங்கினால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மாசசூசெட்ஸிலோ நியூ யார்க்கிலோ இருந்தாலும் முறை ஏறக்குறைய இதேதான்.

முதலில், யாருக்காகப் போகிறோம்

தமிழ்நாட்டில் சாலமாண்டர் கிடையாது. இந்தியாவிலேயே டார்ஜிலிங் பக்கமும் வடகிழக்கு மாநிலங்களிலும்தான் உண்டு. அதனால் நம்மில் பலரும் முதலில் பார்த்ததும் பல்லி என்றுதான் நினைப்போம். பல்லி இல்லை, தவளைக்குச் சொந்தம். செதில் கிடையாது, ஈரமான வெறும் தோல்தான். அந்தத் தோல் வழியாகத்தான் தண்ணீரும், பெருமளவு காற்றும் உள்ளே போகின்றன. கீழே சொல்லப்போகும் பாதி எச்சரிக்கைகளுக்குக் காரணம் இந்தத் தோல்தான்.

நீங்கள் அதிகம் பார்க்கப்போவது மஞ்சள் புள்ளி சாலமாண்டரை. கறுப்பு உடம்பு, முதுகில் இரண்டு வரிசையாக மஞ்சள் வட்டங்கள், 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளம். இருபது ஆண்டுகள்கூட வாழக்கூடியது. ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில், எலியும் மூஞ்சுறும் தோண்டிய வளைகளில் கிடந்துவிட்டு, முட்டையிட மட்டும் சில வாரம் குட்டைக்கு வந்து போகும். மொத்தத்தில் இது இன்னும் அருகிவிடாத இனம். ஆனால் அதே மழையில், அதே சாலைகளில் நடக்கும் நெருங்கிய உறவுகள் அப்படியில்லை. நீலப் புள்ளி சாலமாண்டர் நியூ ஜெர்சியில் அழியும் நிலையில் உள்ள இனம், வடக்கே சில சதுப்புப் பகுதிகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தெற்கே கேப் மே பக்கம் இருக்கும் டைகர் சாலமாண்டரும் அதே பட்டியலில்தான். இந்த டைகர் சாலமாண்டர் மார்ச் வரை காத்திருக்காது, குளிர்கால மழையிலேயே கிளம்பிவிடும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

இவை எல்லாம் தேடிப் போவது ஏரியையோ ஆற்றையோ இல்லை. பனி உருகிய நீரும் மழைநீரும் தேங்கி, கோடையில் வற்றிவிடும் சின்னக் குட்டைகள், இங்கே 'வெர்னல் பூல்' என்பார்கள். வற்றிப்போவதால் அதில் மீன் தங்காது. மீன் இல்லாததால் முட்டையும் குஞ்சும் பிழைக்கும். கோடையில் வெறும் பள்ளமாக, சருகு மூடிக் கிடப்பதால் பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லாத இடமாகத் தெரியும். 'இங்கே தண்ணீரே இல்லையே' என்று மண்ணைக் கொட்டி நிரப்பிவிடுவார்கள். இப்படித்தான் பல குட்டைகள் போயின.

பிப்ரவரியிலேயே செய்ய வேண்டியது

மழை வந்தபிறகு இடம் தேடக் கூடாது. ஏற்கெனவே நடக்கிற குழு ஒன்றில் சேர்ந்துவிடுங்கள். நியூ ஜெர்சியில் கன்சர்வ் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் பைரம் போன்ற இடங்களில் தன்னார்வலர்களை வைத்து இதைச் செய்கிறது. நியூ யார்க்கில் ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் மாநிலச் சுற்றுச்சூழல் துறையே 2009 முதல் பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடக்கும் பிராணிகளைக் கணக்கெடுக்க வைக்கிறது. குழுவோடு போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அழியும் நிலையில் உள்ள இனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, நம் இஷ்டத்துக்குத் தொட முடியாது. அனுமதி பெற்றவர்கள் குழுவில் இருப்பார்கள்.

உங்கள் ஊரில் குழு இல்லையென்றால், வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு காட்டையும் குட்டையையும் பிரிக்கிற சாலை எது என்று பாருங்கள். பகல் நேரத்தில் ஒருமுறை அங்கே நடந்து வாருங்கள். வண்டியை எங்கே நிறுத்தலாம், சாலையோரம் நிற்க இடம் இருக்கிறதா, வளைவில் எதிரே வருகிற வண்டிக்கு நாம் தெரிவோமா, இதையெல்லாம் வெளிச்சத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும். ஐம்பது மைல் வேகத்தில் வண்டி பறக்கிற சாலையா, விட்டுவிடுங்கள். அங்கே கையால் தூக்கிக் கடத்துவது உங்கள் உயிருக்கு ஆபத்து, அந்த இடத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும், பின்னால் சொல்கிறேன்.

எந்த இரவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது

மூன்று விஷயங்கள் சேர வேண்டும். தரையில் உறைபனி இருக்கக் கூடாது. இருட்டிய பிறகு வெப்பநிலை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்க வேண்டும், 45 இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் மழை. தூறல் மட்டும் போதாது, தரை நன்றாக நனைந்திருக்க வேண்டும். பகல் முழுக்கப் பெய்து இரவிலும் விடாமல் பெய்தால் அதுதான் இரவு. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் முதல் பாதி வரை இப்படி இரண்டு மூன்று இரவுகள் வரலாம், சில ஆண்டு எல்லாம் ஒரே இரவில் முடிந்துவிடும். நாள் குறித்து வைத்துக்கொண்டு போக முடியாத வேலை இது. மறுநாள் காலை எட்டு மணிக்கு மீட்டிங் இருக்கும், ஆனாலும் மழை பெய்தால் போய்த்தான் ஆக வேண்டும்.

இருட்டி ஒரு மணி நேரத்துக்குள் நடமாட்டம் தொடங்கும். நள்ளிரவு வரைகூட நீளும். போகிற வழியிலேயே கவனமாக ஓட்டுங்கள். உதவப் போகிறவரே நசுக்கிவிடக் கூடாது. கடைசி அரை மைலை முடிந்தால் நடந்தே போங்கள்.

என்ன எடுத்துக்கொண்டு போவது

ஒளி பிரதிபலிக்கிற மேல்சட்டை இல்லாமல் யாரும் சாலையில் இறங்கக் கூடாது, குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தலையில் மாட்டுகிற டார்ச் வேண்டும், கையில் பிடிக்கிற டார்ச் இருந்தால் சாலமாண்டரைத் தூக்க ஒரு கைதான் மிஞ்சும். குடையும் வேண்டாம், மழைக் கோட்டுப் போதும். ரப்பர் பூட்ஸ், மழையில் நனைந்தாலும் எழுத வருகிற நோட்டு, பென்சில், ஒரு வெப்பமானி. நாயைக் கூட்டிவர வேண்டாம்.

பூட்ஸ் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே இருங்கள். ஐரோப்பாவில் சாலமாண்டர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற ஒரு தோல் பூஞ்சை 2013-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது இங்கே வந்துவிடக் கூடாது என்றுதான் 2016-ல் அமெரிக்க அரசு 201 சாலமாண்டர் இனங்களை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. மற்ற நோய்களும் சேறோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குப் போகும். ஆகவே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்முன் பூட்ஸில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக் கழுவி, பிளீச் கலந்த நீரில் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிடுங்கள். இந்தக் கழுவலைக் குட்டைப் பக்கத்தில் செய்ய வேண்டாம், வீட்டில் செய்யுங்கள்.

சாலையில் இறங்கியதும்

மெதுவாக நடங்கள், ஒவ்வோர் அடியும் எங்கே விழுகிறது என்று பார்த்து வையுங்கள். நனைந்த தாரில் இலையும் குச்சியும் சாலமாண்டரும் முதலில் ஒரே மாதிரிதான் தெரியும். இலை தட்டையாகக் கிடக்கும். சாலமாண்டருக்கு உடம்பு கொஞ்சம் மேலெழுந்து, தலை நிமிர்ந்திருக்கும். டார்ச் வெளிச்சம் பட்டதும் அப்படியே நின்றுவிடும், ஒரு முன்கால் அந்தரத்தில் தூக்கியபடிகூட நிற்கும். வெளிச்சத்தைக் கொஞ்சம் விலக்கினால் மறுபடி நடை. இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைய, அவசரமே இல்லாமல், சாலையின் ஒரு தடத்தைக் கடக்கவே சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் எத்தனை வண்டி வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

வண்டி வராத சாலை என்றால் தூக்கவே வேண்டாம். அது பாட்டுக்குப் போகட்டும், நீங்கள் பார்த்து எண்ணுங்கள். வண்டி வருகிறது என்றால்தான் தூக்க வேண்டும். அதற்கு முன் கையைப் பாருங்கள். லோஷன், கொசு விரட்டி, கை சுத்திகரிப்பான் எதுவும் கையில் இருக்கக் கூடாது, ஈரத் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும். மழைநீரில் கையை நனைத்துக்கொண்டு, அடியில் கையைக் கொடுத்து, இரண்டு கையாலும் ஏந்துங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

எந்தப் பக்கம் பார்த்து நடந்துகொண்டிருந்ததோ அந்தப் பக்கத்திலேயே, நேரெதிரே, சாலையோரத்துக்கு அப்பால் சருகில் விடுங்கள். 'குட்டை அந்தப் பக்கம்தானே இருக்கிறது' என்று நாமாக முடிவு செய்து திருப்பி விடக் கூடாது. முட்டையிட்டு முடித்துக் காட்டுக்குத் திரும்புகிறதாகவும் இருக்கலாம். நேராகக் கொண்டுபோய்க் குட்டையில் விடுவதும் தவறு, வேறு 'நல்ல' குட்டைக்கு மாற்றுவது அதைவிடப் பெரிய தவறு. குழந்தை ஆசைப்படுகிறது என்று டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது, சொல்லவே வேண்டாம். எல்லாம் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மஞ்சள் புள்ளி சாலமாண்டர் பயந்தால் தோலிலிருந்து பால்போல ஒரு நஞ்சைக் கசியவிடும், கண்ணில் பட்டால் எரியும்.

தவளைகளும் கூடவே வரும். வாத்துச் சத்தம் போடுகிற வுட் ஃபிராக், கட்டை விரல் நகத்தளவே இருக்கிற ஸ்பிரிங் பீப்பர். சாலமாண்டருக்கு நேர்மாறாக இவை துள்ளி ஓடும். வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கும்போது இவற்றை மிதித்துவிடாமல் பாருங்கள்.

வருகிற வண்டியை மறிக்க நமக்கு அதிகாரம் இல்லை. கையை ஆட்டி நிறுத்த முயலாதீர்கள், ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். யாராவது தாமாக நிறுத்திக் கேட்டால் ஒரு நிமிடம் விளக்குங்கள், பெரும்பாலும் மெதுவாகப் போகத் தயாராகவே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாது அவ்வளவுதான்.

எண்ணுவது ஏன் முக்கியம்

என்னைக் கேட்டால், தூக்கிக் கடத்துவதைவிட நோட்டில் எழுதுவதற்குத்தான் பலன் அதிகம். தேதி, நேரம், வெப்பநிலை, மழை எப்படி, எந்த இனம், உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை, ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி போனது, எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் நடுவே. செத்துக் கிடப்பதை எண்ணி முடித்ததும் சாலையோரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள், அப்போதுதான் அடுத்தவர் மறுபடி எண்ண மாட்டார். மனசுக்குக் கஷ்டமான வேலைதான். ஆனால் நகராட்சியில் போய் நிற்கும்போது பேசப்போவது அந்த எண்கள்தான்.

அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு வெர்மாண்ட்டில் மங்க்டன் என்ற சின்ன ஊரைச் சொல்லலாம். சாலையில் தவளையும் சாலமாண்டரும் மொத்தமாகச் சாவதை ஊர்க்காரர்கள் பல ஆண்டுகள் கவனித்து எழுதி வைத்து, நிதி திரட்டி, 2015-ல் சாலைக்கடியில் இரண்டு சுரங்க வழிகளைக் கட்ட வைத்தார்கள். பல ஆண்டுத் தரவை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், அந்த இடத்தில் சாவு சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது. சுவரேறித் தாண்டிவிடுகிற சின்னத் தவளைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் இன்னும் அதிகம். மாசசூசெட்ஸில் ஆம்ஹர்ஸ்ட் ஊரின் ஹென்றி தெருவில் 1987-லேயே இப்படி இரண்டு சின்னச் சுரங்கங்கள் போட்டார்கள், இந்த நாட்டில் சாலமாண்டருக்கென்று போட்டதில் அதுதான் முதல். மேலே கம்பியழி போல இடைவெளி விட்டிருப்பார்கள், மழைநீர் உள்ளே விழ வேண்டும் என்பதற்காக. காய்ந்து கிடக்கிற குழாய்க்குள் சாலமாண்டர் நுழையாது. இரண்டு பக்கமும் தாழ்வான வேலி போட்டு, சுரங்க வாய்க்கு வழிகாட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பக்கத்திலேயே சாலையில் ஏறிவிடும். வேகமான சாலைக்கு வேறு வழி என்று சொன்னேனே, அது இதுதான்.

சரி, ஓர் ஆண்டில் சில செத்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாசசூசெட்ஸை வைத்து 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தது. வளர்ந்த மஞ்சள் புள்ளி சாலமாண்டர்களில் ஆண்டுக்குக் கூடுதலாக 10 சதவீதத்துக்கு மேல் சாலையில் செத்தால், அந்தக் குட்டையின் கூட்டம் காலப்போக்கில் இல்லாமலே போய்விடும் என்று தெரியவந்தது. மெதுவாக வளர்ந்து, பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப முட்டையிடுகிற பிராணிக்குப் பெரியவை சாவதுதான் தாங்க முடியாத நஷ்டம்.

ஏப்ரலில் குட்டைக்குப் போங்கள்

மழை இரவுகள் முடிந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து, நல்ல வெயிலில் குட்டையைப் பார்க்கப் போங்கள். தனியார் நிலமென்றால் கேட்டுக்கொண்டு போக வேண்டும். தண்ணீருக்குள் இறங்காமல் கரையிலிருந்தே குனிந்து பாருங்கள், பளபளப்பைத் தடுக்கும் போலரைஸ்டு வெயில் கண்ணாடி போட்டால் உள்ளே தெரியும். குச்சிகளைச் சுற்றிக் கட்டி கட்டியாக ஜெல்லி ஒட்டியிருக்கும். வெளியே ஒரு வழவழப்பான உறை, உள்ளே கறுப்புப் புள்ளிகளாக முட்டை, நுங்கு மாதிரி விறைப்பாக இருந்தால் அது மஞ்சள் புள்ளி சாலமாண்டருடையது. வெளியுறை இல்லாமல், ஒவ்வொரு முட்டையும் தனித்தனிக் குமிழாகப் புடைத்துத் தெரிந்தால் வுட் ஃபிராக் முட்டை. வாரங்கள் போகப்போக சாலமாண்டர் முட்டைகள் பச்சை நிறமாகும். அழுகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அது உள்ளே வளர்கிற பாசி, கருவுக்கு ஆக்சிஜன் கொடுக்கிறது, கருவின் கழிவை அது எடுத்துக்கொள்கிறது. கருவின் உயிரணுக்களுக்குள்ளேயே அந்தப் பாசி இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். முதுகெலும்புள்ள பிராணிகளில் இப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

படம் எடுங்கள். முட்டைக் கட்டிகள் அருகில் ஒன்று, குட்டை முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று, இடக்குறியீட்டோடு. மாசசூசெட்ஸில் இந்தப் படங்களை வைத்து யார் வேண்டுமானாலும் குட்டைக்கு மாநிலச் சான்றிதழ் பெற விண்ணப்பிக்கலாம், பெற்றால் சட்டப் பாதுகாப்புக் கிடைக்கும். நியூ ஜெர்சியிலும் 1987-ன் நன்னீர்ச் சதுப்பு நிலச் சட்டத்தின் கீழ் இந்தக் குட்டைகளுக்கு இடமிருக்கிறது, மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் அனுப்பலாம். யாரும் பதிவு செய்யாத குட்டை காகிதத்தில் இல்லாத குட்டை, அதைக் காப்பாற்ற எந்த விதியும் வராது.

குட்டையை மட்டும் காப்பாற்றினால் போதாது

புதிதாக வருகிறவர்கள் மட்டுமல்ல, அதிகாரிகளும் தவறவிடுகிற இடம் இது. குட்டையைச் சுற்றி வேலி போட்டு, அதுவரைக்கும் வீடு கட்ட அனுமதித்துவிட்டு, 'பாதுகாத்துவிட்டோம்' என்பார்கள். சாலமாண்டர் குட்டையில் இருப்பது ஆண்டுக்குச் சில வாரம்தான், மீதிக் காலமெல்லாம் சுற்றியுள்ள காட்டுத் தரையில். குட்டையிலிருந்து முதல் 100 அடியைத் தொடவே கூடாது, 750 அடி வரை பெரும்பகுதி காடாக இருக்க வேண்டும் என்பது இங்கே திட்டமிடுபவர்களுக்கு ஆய்வாளர்கள் சொல்கிற கணக்கு. 750 அடி என்றால் சுமார் 230 மீட்டர். ஒரு சின்னக் குட்டைக்கு அவ்வளவா என்று தோன்றும். அவ்வளவு வேண்டும்.

ஆகவே உங்கள் ஊரின் பிளானிங் போர்டு (கட்டுமான விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு செய்யும் குழு) கூட்ட நிகழ்ச்சி நிரலை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். நியூ ஜெர்சியில் புதுக் கட்டுமானத்துக்கான விண்ணப்பம் வந்தால் 200 அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், ஆனால் பொதுக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்க வேண்டாம். உங்கள் நோட்டும், படங்களும், வரைபடத்தில் குட்டையைச் சுற்றிப் போட்ட 750 அடி வட்டமும் இருந்தால் மூன்று நிமிடம் போதும். 'கட்டவே கூடாது' என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார்கள். வீடுகளை நிலத்தின் மறுகோடியில் நெருக்கமாக வைத்துக் காட்டுப் பகுதியை ஒன்றாக விடுங்கள் என்று கேளுங்கள். செங்குத்தான சாலையோரக் கல்லுக்குப் பதில் சரிவான கல் கேளுங்கள். செங்குத்துக் கல்லை ஏற முடியாத சாலமாண்டர் அதை ஒட்டியே நடந்து மழைநீர் வடிகாலுக்குள் விழுந்துவிடும், விழுந்தால் வெளியே வர வழியில்லை. குளிர்காலத்தில் குட்டைப் பக்கச் சாலைக்கு உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். சாலை உப்பு 150 மீட்டருக்கு மேலும் தள்ளியுள்ள குட்டைகளைக்கூடப் போய்ச் சேர்கிறது, முட்டைக் கட்டிகள் நீர் வற்றிச் சுருங்கி, பொரிப்பது குறைகிறது.

வீட்டுத் தோட்டத்தில்

காட்டை ஒட்டிய வீடு என்றால் இலையுதிர் காலத்தில் எல்லாச் சருகையும் வாரி மூட்டை கட்டாதீர்கள், வேலியோரமாவது அப்படியே விடுங்கள். விழுந்த மரக்கட்டையும் கிடக்கட்டும். அதற்கடியில் நுரையீரலே இல்லாத, சிவப்பு முதுகுச் சின்னச் சாலமாண்டர் இருக்கும், அது குட்டைக்கே போவதில்லை, முட்டையும் தரையில்தான். கட்டையைப் புரட்டிப் பார்த்தால் பழையபடியே மெதுவாக வைத்துவிடுங்கள். பேஸ்மென்ட் ஜன்னல் பள்ளத்துக்கு மூடி போடுங்கள், நீச்சல் குளத்தின் ஓரத்தில் ஏறிவர ஒரு சரிவுப் பலகை வையுங்கள். பூச்சிமருந்தை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள்.

ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை மழை பெய்கிற இரவுகளில் இன்னொரு சுற்று இருக்கிறது. அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகள் செவுள் சுருங்கி மறைந்து, குட்டை வற்றுவதற்குள் காட்டுக்கு நடக்கும். விரல் நீளம்கூட இருக்காது, மஞ்சள் புள்ளி இன்னும் சரியாக வந்திருக்காது, தாரில் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். வசந்தத்தில் நூறு பேர் வருகிற இடத்துக்கு அப்போது ஒருவரும் வருவதில்லை. முடிந்தால் அந்த மழைக்கும் ஒருமுறை டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் எண்ணிவிட்டு வாருங்கள்.